மலையில் எழுதிய பெயர்

ஜாசின், ஆசாகான் பக்கத்துத் தோட்டங்களில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு லேடாங் மலையை யாரும் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. பொழுது விடிந்தால் கண்ணில் படுவது அதுதான். நீங்களும் லயத்து வாசலில் நின்று அதைப் பார்த்திருப்பீர்கள். ஆனால் நம்மில் எத்தனை பேர் அதில் காலடி வைத்திருப்போம்? அறுபது வயது தாண்டும் வரை நானும் வைத்ததில்லை.

எங்கள் வீட்டுக்கு அந்த மலைதான் வானிலை அறிக்கை. சாயங்காலம் மலை உச்சியில் மேகம் கவிந்தால் அம்மாவின் முகம் வாடிவிடும். இரவில் மழை பெய்து மரம் நனைந்தால் மறுநாள் பால் வெட்டு இல்லை. ஈரப் பட்டையில் உளி வைத்தால் பால் கோட்டில் இறங்கி மங்கில் சேராது. பட்டையெங்கும் வழிந்து வீணாகும். அந்த நாளில் வேலை இல்லையென்றால் கூலியும் இல்லை. ஒரு வாரம் மழை பிடித்தால் கடைக்காரர் நோட்டில் கடன் ஏறும்.

"ஒரு நாளைக்கு அந்த மலைமேல ஏறி, அங்கேயிருந்து நம்ம தோட்டத்தப் பாக்கணும் புள்ள" என்று அப்பா அடிக்கடி சொல்வார். போகத்தான் இல்லை. லீவு நாளிலும் மாட்டுக்குப் புல்லறுக்கப் போய்விடுவார். பிறகு எங்கள் தோட்டத்தில் பால்மரம் போய்ச் செம்பனை வந்தது. அதன்பின் தோட்டமே கைமாறியது, லயங்களை இடித்தார்கள். நான் பத்து பெரெண்டாம் தொழிற்பேட்டையில் மின்னியல் தொழிற்சாலை வேலைக்குப் போய்க்கொண்டிருந்தேன். அப்பாவை நகரத்து அடுக்குமாடி வீட்டுக்கு அழைத்து வந்தேன். அங்கே சன்னலைத் திறந்தால் எதிர்ச் சுவர்தான் தெரியும். மலையைப் பார்க்காமலேயே அவர் கண்ணை மூடினார்.

சென்ற வருடம் என் அண்ணன் மகன் வந்தான். "அத்தை, லேடாங் மலைக்குப் புதையல் தேடப் போறேன். நீங்களும் வர்றீங்களா?" என்றான். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. புதையல் என்றால் சாமியாரும் நள்ளிரவுப் பூசையும்தானே நமக்குத் தெரியும்!

அவன் சிரித்துக்கொண்டே விளக்கினான். இது ஒரு விளையாட்டு. பெயர் ஜியோகேச்சிங். வானத்தில் சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் செயற்கைக் கோள்களைக் கொண்டு, நாம் நிற்கும் இடத்தைக் கைப்பேசி இரண்டு எண்களில் சொல்லிவிடும். முன்பெல்லாம் அமெரிக்க அரசு அந்தக் கணக்கில் வேண்டுமென்றே சிறு பிழையைக் கலந்து வைத்திருந்தது. 2000ஆம் ஆண்டு மே 2ஆம் தேதி அதை நீக்கியது. மறுநாளே டேவ் உல்மர் என்பவர் ஆரிகன் மாநிலத்தில் ஒரு வாளியை மறைத்து வைத்து, அந்த இடத்தின் எண்களை ஊரறியச் சொன்னார். அப்படித் தொடங்கியது. இன்று உலகெங்கும் இலட்சக்கணக்கான பெட்டிகள் மறைந்திருக்கின்றன. எண்ணைப் பிடித்துக்கொண்டு போய்த் தேட வேண்டும். கண்டெடுத்தால் உள்ளே இருக்கும் நோட்டில் பெயரெழுத வேண்டும். பெட்டியை எடுத்த இடத்திலேயே வைத்துவிட வேண்டும். ஒரு சாமானை எடுத்தால் அதற்கு ஈடான ஒன்றை வைக்க வேண்டும்.

"பொன்னும் இல்லை, பொருளும் இல்லையா? அதற்கா இவ்வளவு பாடு?" என்றேன். ஆனாலும் அப்பாவின் ஞாபகம் வந்தது. கிளம்பிவிட்டேன்.

லேடாங் மலையின் உயரம் 1,276 மீட்டர். மலாக்கா, ஜொகூர் எல்லையில் நிற்கிறது. உச்சி ஜொகூர் பக்கம். வெள்ளைக்காரர்கள் அதை ஓபிர் மலை என்றார்கள். இயற்கை ஆராய்ச்சியாளர் வாலஸ் 1854ஆம் ஆண்டு மலாக்காவிலிருந்து போய் இதன் உச்சியில் ஏறியிருக்கிறார். மலையிளவரசி கதை உங்களுக்குத் தெரிந்ததுதான். பெண் கேட்ட சுல்தானிடம் பொன்பாலம், வெள்ளிப்பாலம், ஏழு தட்டுக் கொசு இருதயம் என்று கேட்டு, கடைசியில் இரத்தமும் கேட்டாளாமே, அவள் வாழ்ந்த மலை இதுதான்.

வாசகர்களே, உரிய அனுமதியும் வழிகாட்டியும் இல்லாமல் யாரும் காட்டுக்குள் போய்விடாதீர்கள். நாங்கள் முறைப்படி அனுமதி பெற்றே போனோம். உச்சிவரை ஏற என் முழங்கால் இடம் தரவில்லை. பாதி வழியில் மரங்கள் விலகி வெளிச்சம் தெரிந்த ஓர் இடம்தான் எங்கள் எல்லை. எந்த இடம் என்று கேட்காதீர்கள். சொல்லக்கூடாது என்பது விளையாட்டின் தர்மம்.

அடர்ந்த மரங்களுக்கு அடியில் கைப்பேசியின் கணக்கு சற்றுத் தடுமாறும். பிள்ளை அரைமணி நேரம் சுற்றிச் சுற்றி வந்தான். கடைசியில் ஒரு பாறை இடுக்கில் பெட்டியைக் கண்டது நான்தான்! மங்குக்குள் பால் எவ்வளவு என்று பத்தடி தூரத்திலிருந்தே பார்த்துப் பழகிய கண்ணல்லவா? உள்ளே ஒரு பொம்மைக் கார், சில வெளிநாட்டுக் காசுகள், ஒரு சிறு நோட்டு. நான் மடியில் கொண்டுபோன ரப்பர்க் கொட்டையை வைக்கப் போனேன். "வேண்டாம் அத்தை, விதையோ தின்பண்டமோ வைத்தால் அணில் வந்து பெட்டியையே கடித்துவிடும்" என்று தடுத்தான். நாங்கள் எதையும் எடுக்கவுமில்லை, வைக்கவுமில்லை.

நோட்டை என்னிடம் நீட்டினான். எழுதுகோலைக் கையில் வாங்கியதும் மனம் என்னவோ செய்தது. அப்பாவுக்கு எழுதத் தெரியாது. அவர் பெயரைக் கிராணி செக்ரோலில் எழுதினார். சம்பள நாளில் அவர் பெருவிரலை உருட்டினார். அவ்வளவுதான் அவர் பெயருக்கு இருந்த எழுத்து. அந்த செக்ரோல் இப்போது எங்கே இருக்கிறதோ! நான் என் பெயரை எழுதவில்லை. அப்பாவின் பெயரைத் தமிழில் எழுதி, அதன்கீழ் 'பால்மரத் தொழிலாளி' என்று எழுதினேன்.

பிறகு கீழே பார்த்தேன். கண்ணுக்கெட்டிய வரை செம்பனை. நடுவே சிவப்புக் கூரைகள். "தாத்தா தோட்டம் எது அத்தை?" என்று பிள்ளை கேட்டான். கைநீட்டிக் காட்ட முடியவில்லை. அந்தத் தோட்டத்தில் பிறந்தவளுக்கே அடையாளம் தெரியவில்லை. அழுகை வந்துவிட்டது.

திரும்பும் வழியில் பழைய இடத்துக்கே காரை விடச் சொன்னேன். வீடமைப்புப் பகுதியாகிவிட்டது. கோயிலுக்கு முன்னால் இருந்த அரசமரம் மட்டும் நிற்கிறது. அதன் அடியில் நின்று, கைப்பேசியில் அந்த இரண்டு எண்களையும் எடுத்து, என் டைரியில் எழுதிக்கொண்டோம். வடக்கே 2 பாகைச் சொச்சம், கிழக்கே 102 பாகைச் சொச்சம். நாளை அந்த மரமே விழுந்தாலும் என் அண்ணன் பேரன் அந்த இடத்தில் வந்து நிற்கலாம்.

வாசகர்களே, நீங்கள் பிறந்த லயம், படித்த தோட்டப் பள்ளி, பெரட்டு நின்ற களம் இவற்றில் ஏதாவது இன்னும் மிச்சம் இருந்தால், இந்த ஞாயிற்றுக்கிழமையே பிள்ளைகளை அழைத்துக்கொண்டு போங்கள். கைப்பேசி பிள்ளைகளிடம் இருக்கிறது. இடம் உங்களுக்குத்தான் தெரியும். இரண்டும் சேர்ந்திருக்கும்போதே எழுதி வைத்துவிடுங்கள்.