குணம் கெட்டவன் என்று சொல்லும் முன்

எழுபதைத் தாண்டியவர்கள் நாலு பேர் கூடினால் இந்தப் பேச்சு வராமல் இருக்காது: "தங்கமான மனுஷன், இப்ப ஆளே மாறிட்டான்." குணம் மாறினால் திமிர் என்போம், சேர்க்கை சரியில்லை என்போம். சிலர் ஜாதகத்தை எடுத்துக்கொண்டு கிளம்புவார்கள். அந்தக் குணம் குடியிருக்கும் மூளைக்கு என்ன ஆயிற்று என்று கேட்பவர் குறைவு.

அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில் காவெண்டிஷ் ஊருக்கு அருகே, 1848 செப்டம்பர் 13 அன்று ரயில் பாதைக்காகப் பாறையை வெடி வைத்துத் தகர்த்துக்கொண்டிருந்தார்கள். மேஸ்திரி ஃபினியஸ் கேஜுக்கு வயது 25. துளையில் வெடிமருந்தை இறுக்கும் இரும்புக் கம்பி அவர் கையில் இருந்தது. நீளம் 3 அடி 7 அங்குலம், எடை சுமார் 6 கிலோ. மருந்து திடீரென வெடித்து, அந்தக் கம்பி இடது கன்னத்தில் புகுந்து, கண்ணுக்குப் பின்னால் ஏறி, மண்டையைத் துளைத்துக்கொண்டு வெளியே போய் விழுந்தது. சில நிமிடங்களில் கேஜ் பேசினார். மாட்டு வண்டியில் உட்கார்ந்தபடியே தங்கியிருந்த விடுதிக்குப் போய்ச் சேர்ந்தார்.

உயிர் பிழைத்தார், இடது கண் பார்வை போயிற்று. நடையும் பேச்சும் நினைவும் தங்கின. ஆனால் அவருக்கு வைத்தியம் பார்த்த ஜான் ஹார்லோ 1868இல் எழுதிய அறிக்கை வேறொரு இழப்பைச் சொல்கிறது. பொறுப்பும் நிதானமுமாக இருந்தவர், வாய்க்கு வந்தபடி பேசினார், பிடிவாதம் பிடித்தார், போட்ட திட்டத்தை உடனே கைவிட்டார். பழைய கேஜ் இவர் இல்லை என்றார்கள் நண்பர்கள். மேஸ்திரி வேலையும் திரும்பக் கிடைக்கவில்லை.

கம்பி சிதைத்தது நெற்றிக்குப் பின்னால் உள்ள முன்மூளையை. கோபமும் பயமும் ஆசையும் மூளையின் ஆழத்திலிருந்து கிளம்பும்போது, 'சற்றுப் பொறு' என்று தடுப்பதில் முன்மூளைக்குப் பெரும் பங்கு உண்டு. அது முழுமையாக முதிர ஏறக்குறைய 25 வயதாகிறது. பதினாறு வயதுப் பிள்ளையிடம் நாற்பது வயது நிதானத்தை எதிர்பார்ப்பது நம் பிழை. இரவெல்லாம் விழித்திருந்தாலும், மது உள்ளே போனாலும், பெரியவர்களுக்கே அந்தப் பிடி தளர்ந்துவிடுகிறது.

நம் வீடுகளில் குணத்தை மாற்றக் கம்பி தேவையில்லை. இன்சுலின் போடுகிறவர் திடீரென்று எரிந்து விழுந்து, வியர்த்து, கை நடுங்கினால் சர்க்கரை இறங்கியிருக்கலாம். முந்தாநாள்வரை தெளிவாக இருந்த பாட்டி இன்று ஆள் தெரியாமல் உளறினால், சோடியம் குறைந்திருக்கலாம், சிறுநீர்த் தொற்று வந்திருக்கலாம். சோம்பேறி என்று பெயர் வாங்கிய மருமகளுக்குத் தைராய்டு குறைவாக இருக்கலாம். மரியாதையாகவே வாழ்ந்தவர் ஐம்பது, அறுபது வயதில் கூச்சமில்லாமல் பேசத் தொடங்குவது, மறதிக்கு முன்பே நடத்தையைக் கெடுக்கும் ஒருவகை மூளைத் தேய்வாகவும் இருக்கலாம்.

"அப்படியானால் எல்லாம் மூளையின் வேலை, என் கையில் என்ன இருக்கிறது?" என்று யாரும் நழுவ வேண்டாம். கேஜின் கதை மேஸ்திரி வேலையை இழந்ததோடு முடியவில்லை. 1852இல் அவர் தென் அமெரிக்காவின் சிலி நாட்டுக்குப் போய், வால்பரைசோ – சாண்டியாகோ தடத்தில் பயணிகள் குதிரை வண்டி ஓட்டினார். பல குதிரைகளைப் பிடித்து, பயணிகளை அனுசரித்து, நேரம் தவறாமல் செய்ய வேண்டிய வேலை அது. ஆண்டுக்கணக்கில் செய்தார். ஒழுங்கான தினசரி வேலைதான் அவரைப் பெருமளவு மீட்டிருக்க வேண்டும் என்று பிற்கால ஆய்வாளர்கள் வாதிடுகிறார்கள். 1860இல் வலிப்பு கண்டு சான் பிரான்சிஸ்கோவில் இறந்தார்.

ஆகவே பிள்ளைகளே, உங்கள் விஷயத்தில் கண்டிப்பாக இருங்கள்: நேரத்துக்குத் தூங்குங்கள், நாளுக்கு ஓர் ஒழுங்கு வையுங்கள். அடுத்தவர் விஷயத்தில் பொறுமையாக இருங்கள்: தூங்கினாரா, சாப்பிட்டாரா, புதிதாக என்ன மாத்திரை என்று விசாரியுங்கள், டாக்டரிடம் அழைத்துப் போங்கள். உடம்பில் கோளாறு இல்லை என்று தெரிந்தால் அப்புறம் கண்டிக்கலாம். சண்டையை நாளைக்கும் போடலாம்; இறங்கிய சர்க்கரை நாளைவரை காத்திருக்காது.