கந்தளாயிலிருந்து கரீனா

கரீனா ஒண்முகில், அதாவது நெபுலா, தென்வானில் அகத்தியர் நட்சத்திரத்துக்கும் திரிசங்குக்கும் இடையே, திரிசங்குக்குக் கிட்டவாக இருக்கிறது. தூரம் சுமார் 7,500 ஒளியாண்டு. வானில் அதன் அகலம் நிலவைப்போல் நான்கு மடங்கு. அதற்குள் இருக்கும் ஈட்டா கரீனே சூரியனைவிட ஏறத்தாழ 100 மடங்கு நிறையுடையது. 1843இல் அது பொங்கியெழுந்து, வானில் சீரியசுக்கு அடுத்த பிரகாசமான நட்சத்திரமாக நின்றது. பின்னர் மங்கிவிட்டது. இப்போது இருண்ட இடங்களில்தான் வெறுங்கண்ணுக்குப் புலப்படும்.

டெல்லியில் அது 2 பாகைகூட உயராது. சென்னையில் 17 பாகை. இலங்கையில் வட அகலாங்கு 8.4 பாகையிலுள்ள கந்தளாயிலோ 22 பாகை வரை ஏறி, 15 பாகைக்கு மேல் ஐந்து மணி நேரம் நிற்கும். வடகீழ்ப் பருவமழை ஓய்ந்தபின், மார்ச், ஏப்ரல் மாதங்களில், அமாவாசையை ஒட்டிய இரவுகள் இதற்கு உகந்தவை. ஏப்ரல் நடுவில் இரவு 9 மணியளவில் அது உச்சத்துக்கு வரும். திருகோணமலையின் வெளிச்சம் வடகிழக்கில் இருப்பதால் தெற்கு வானத்தைக் கெடுக்காது.

தெற்கைத் தாராளமாகத் தரும் அகலாங்கு வடக்கில் கை விரித்துவிடும். படமெடுப்பதற்கு, வானம் சுழலும் வேகத்துக்கு ஈடாகக் கமராவைத் திருப்பும் கருவியின் அச்சு துருவ நட்சத்திரத்தை நோக்கியிருக்க வேண்டும். கந்தளாயில் அது 8 பாகை உயரத்தில், மரங்களுக்கும் புகாருக்கும் பின்னால் மறைந்துவிடும். அச்சும் ஏறக்குறையப் படுத்துவிடுவதால் எதிர்ப்பாரக் கம்பி முக்காலியின் காலில் இடிக்கும். துருவம் கிடைக்காதவர்கள் ஒரு நட்சத்திரத்தைச் சட்டத்தின் நடுவில் வைத்து, அது எப்பக்கம் நகர்கிறது என்று பார்த்து அச்சைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருத்துவார்கள். பொறுமையைச் சோதிக்கும் வேலை. சுழற்றும் கருவி இல்லாதவர்களுக்கும் ஓர் ஆறுதல் உண்டு: இந்தத் தென்கோடி நட்சத்திரங்கள் நடுவானத்து நட்சத்திரங்களைவிடப் பாதி வேகத்தில்தான் நகரும். 200 மில்லிமீட்டர் லென்ஸில் 2.5 விநாடிக்குப் பதில் 5 விநாடி திறந்து வைக்கலாம்.

நிறம் எளிதில் சிக்காது. ஒண்முகிலின் சிவப்பு, அயனான ஐதரசன் 656 நனோமீட்டரில் வெளியிடும் ஒளி. சாதாரணக் கமராவின் உள்வடிகட்டி அதில் பெரும்பகுதியை விழுங்கிவிடும்; அதனால் அந்த வடிகட்டியை மாற்றிய கமராக்களையே பலர் நாடுகின்றனர். ஒட்சிசனின் நீலப்பச்சை 500 நனோமீட்டரில் வரும். வடிகட்டி அதைத் தடுக்காது, ஆனால் தாழ்வானத்துத் தூசும் ஈரமும் அதை மங்கவைக்கும்.

கந்தளாய்க் குளத்துக்கு அருகே நள்ளிரவுக்குப் பின் லென்ஸின் முன்கண்ணாடியில் பனி மூச்சுவிட்டதுபோலப் படரும். அதைத் துணியால் துடைத்தால் கறைதான் மிஞ்சும். மெல்லிய சூட்டுப்பட்டையைச் சுற்றி வைப்பதே நல்லது. நுளம்பு ஒரு தொல்லை. யானை நடமாட்டம் இருக்கும் பகுதியாதலால் வாகனத்தை விட்டுத் தள்ளிப் போவதும் தனியே போவதும் புத்தியல்ல. டோச்சை நூர்த்தால் கண் இருட்டுக்குப் பழக அரை மணி நேரமாவது ஆகும். ஒருவர் மறந்து கைபேசியைத் திறந்தாலும் எல்லோருக்கும் கணக்கு முதலிலிருந்து.

ஒரு நிமிடப் படங்கள் அறுபதை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் கிடைப்பது ஒரு மணி நேர ஒளி. இரைச்சலைப் பாதியாக்க வேண்டுமானால் நான்கு மடங்கு படங்கள் தேவை. கந்தளாயின் வெக்கையில் உணரியே புள்ளிகளைப் பிறப்பிக்கும். அதனால் மூட்டை கட்டுமுன் லென்ஸை மூடி, அதே வெப்பத்தில், அதே நேர அளவில் இருட்டுப் படங்களும் இருபது முப்பது எடுப்பார்கள். கணினியில் அவற்றைக் கழித்த பின்தான் சிவப்பு துலங்கும்.