ஏழு நாள் கெடுவில் ஒரு ஜூம் லென்ஸ்

கேமரா வாங்கப் போகிறவர்கள் எத்தனை மெகாபிக்சல், எந்த மாடல், வீடியோ 4கே வருமா என்றெல்லாம் துருவித் துருவிக் கேட்பார்கள். முன்னால் மாட்டியிருக்கும் லென்ஸைப் பற்றிக் கேட்பவர்கள் குறைவு. கூடவே வருகிறதுதானே என்று விட்டுவிடுவார்கள். படம் விழுவது என்னவோ அந்தக் கண்ணாடி வழியாகத்தான்! அதிலும் ஜூம் லென்ஸ் என்றால் கேட்கவே வேண்டாம். பத்துப் பதினைந்து கண்ணாடித் துண்டுகள் ஒரு குழாய்க்குள் முன்னும் பின்னும் நகர்ந்து, கிட்டத்தையும் தூரத்தையும் ஒரே ஆளாகச் சமாளிக்க வேண்டும். ஸ்டில் கேமராவுக்கென்று முதல் ஜூம் லென்ஸ் (ஜெர்மனியின் வோயிக்ட்லேண்டர் ஜூமார், 36-82 மி.மீ.) 1959-ல் வந்தது. அன்று முதல் இன்று வரை போட்டோகிராபர்கள் கேட்கும் கேள்வி ஒன்றுதான். வசதி சரி, தெளிவு எப்படி?

மேலநீலிதநல்லூரில் பி.காம். மூன்றாம் ஆண்டு படிக்கும் ஒருவனுக்கு இந்தக் கேள்வி ஒரு ஆடி மாதத்தில் வந்தது. சங்கரன்கோவிலில் ஸ்டூடியோ வைத்திருக்கும் ஒரு அண்ணாச்சியிடம் முகூர்த்த நாட்களில் உதவியாளாகப் போய், லைட் பிடித்து, வயர் சுருட்டிச் சேர்த்த பணம் 22,000 ரூபாய். பழைய மிர்ரர்லெஸ் கேமரா ஒன்று ஏற்கெனவே கையில் இருந்தது. அதற்கு ஒரு 18-135 லென்ஸை திருநெல்வேலியில் செகண்ட் ஹேண்டாக வாங்கினான். கடைக்காரர் ரசீதின் பின்பக்கம் எழுதிக் கொடுத்த நிபந்தனை: ஏழு நாளைக்குள் குறை இருந்தால் மாற்றிக்கொள்ளலாம், எட்டாம் நாள் பேச்சு கிடையாது.

ஏழு நாள். எதைக் குறை என்பது? எப்படிக் கண்டுபிடிப்பது?

முதல் நாள் எல்லாரும் செய்யும் தவறைத்தான் அவனும் செய்தான். நேராகச் சங்கரன்கோவிலுக்குப் போய், கோவில் முன்னால் நின்று, ஒன்பது நிலை ராஜகோபுரத்தைப் படம் எடுத்தான். வீட்டுக்கு வந்து கம்ப்யூட்டரில் நூறு சதவீதத்துக்குப் பெரிதாக்கினான். மேல் நிலைகளில் இருக்கும் சுதைச் சிற்பங்கள் மெழுகுபோல் தெரிந்தன. வயிறு கலங்கிவிட்டது.

உண்மையில் அந்தப் படத்தை வைத்து லென்ஸைக் குற்றம் சொல்ல ஒரு முகாந்திரமும் இல்லை. கோபுரம் சமதளம் அல்ல. மேலே போகப் போகப் பின்வாங்கும். கீழிருந்து அண்ணாந்து எடுக்கும்போது முதல் நிலையும் ஒன்பதாம் நிலையும் ஒரே தூரத்தில் இருக்காது. ஃபோகஸ் ஒன்றில் இருந்தால் இன்னொன்று தள்ளிப் போகும். அதோடு மத்தியானம் பன்னிரண்டு மணி. கரிசல் காட்டு வெயிலில் தார்ச்சாலைக்கு மேலே காற்று நெளிவதை இந்தப் பக்கத்து ஆட்கள் பார்க்காத நாளா? அந்த நெளிவு 135 மி.மீ.-ல் அப்படியே படத்துக்குள் வந்து உட்கார்ந்துகொள்ளும். எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய லென்ஸாலும் அதை நேராக்க முடியாது. தேவர்குளம் பக்கத்துக் காற்றாலைகளை எடுத்துப் பார்ப்பவர்களும் இதே பள்ளத்தில்தான் விழுகிறார்கள். தூரத்துப் படம் லென்ஸைச் சோதிப்பதில்லை, காற்றைத்தான் சோதிக்கிறது.

இரண்டாம் நாள் காலை, வெயில் ஏறும் முன், தெருவைப் பார்த்த வீட்டுச் சுவரில் மைதாப் பசை காய்ச்சி பழைய தினசரித் தாள்களை ஒட்டினான். நடுவில் ஒன்று, நாலு மூலைக்கும் நாலு. எல்லாம் வரி விளம்பரப் பக்கம். அதைவிடப் பொடி எழுத்து வேறெங்கே கிடைக்கும்? 18 மி.மீ.-ல் இரண்டு மீட்டர் தள்ளி நின்றால் சுவரில் சுமார் 2.6 மீட்டர் அகலம் படத்துக்குள் வரும். அதே அகலம் 135-ல் வர வேண்டுமானால் 15 மீட்டர் பின்னால் போக வேண்டும், அதாவது தெருவைத் தாண்டி எதிர்வீட்டுத் திண்ணைக்கு! அவன் அம்மா வாசல் தெளித்துக்கொண்டே, "ஏலே, பேப்பரப் படிக்காம படம் புடிச்சிட்டு இருக்கியே, கிறுக்குப் புடிச்சிட்டா?" என்றாள். அவள் கேட்டதிலும் நியாயம் இருக்கிறது. அன்று பத்து மணிக்குள் கீழ்மூலைத் தாள் ஒன்றைப் பசையோடு சேர்த்து ஆடு தின்றுவிட்டது தனிக்கதை.

சுவர்ப் பரீட்சையில் முக்கியமானது, கேமரா சுவருக்கு நேராக நிற்பது. ஒரு விரற்கடை சாய்ந்தாலும் ஒரு பக்கம் மங்கும், பழி லென்ஸ் மேல் விழும். இதற்கு ஒரு எளிய வழி உண்டு. முகம் பார்க்கும் சின்னக் கண்ணாடியைச் சுவரோடு ஒட்டிப் பிடித்து, கேமராத் திரையில் பார்க்க வேண்டும். லென்ஸின் பிம்பம் திரையின் நட்டநடுவில் தெரியும்வரை கேமராவை நகர்த்த வேண்டும். தெரிந்துவிட்டால் கேமரா சுவருக்குச் செங்குத்து. பிறகு முக்காலி, இரண்டு விநாடி டைமர், ஆட்டம் தாங்கும் ஸ்டெபிலைசேஷன் அணைப்பு, குறைந்த ஐ.எஸ்.ஓ. ஜூமை ஒவ்வொரு முறை மாற்றிய பின்னும் புதிதாக ஃபோகஸ். ஏனென்றால் பல ஜூம்களில் வளையத்தைத் திருப்பியதும் ஃபோகஸ் நழுவிவிடும். இந்த இடத்தில் மிர்ரர்லெஸ் கேமராவுக்கு ஒரு சபாஷ் போடலாம். பழைய டி.எஸ்.எல்.ஆர். கேமராக்களில் ஃபோகஸ் பார்க்க ஒரு தனி சென்சார், படம் எடுக்க வேறொரு சென்சார். இரண்டுக்கும் இடையில் மயிரிழை வித்தியாசம் இருந்தாலும் நல்ல லென்ஸ் கெட்ட பெயர் வாங்கும். 2008-ல் பானாசோனிக் ஜி1 வந்ததிலிருந்து கண்ணாடிப் பெட்டி போய்விட்டது. படம் விழும் சென்சாரே ஃபோகஸும் பார்க்கிறது. திரையில் பெரிதாக்கி எழுத்தைப் பார்த்துக்கொண்டே கையாலும் ஃபோகஸ் செய்யலாம். சந்தேகத்துக்கு இடமில்லை.

ஆனால் அதே மிர்ரர்லெஸ் இன்னொரு விதத்தில் கண்ணைக் கட்டுகிறது. ஜேபெக் படத்தில் கேமராவே வளைந்த கோட்டை நிமிர்த்தி, இருண்ட மூலையை வெளுப்பாக்கி, ஓரத்து ஊதா நிறக் கசிவைத் துடைத்துக் கொடுத்துவிடுகிறது. ரா கோப்பைத் திறந்தாலும் பல மென்பொருட்கள் கேட்காமலே இதைச் செய்யும். திருத்தத்தை மதிக்காத ஒரு இலவச மென்பொருளில் அவன் திறந்து பார்த்தபோது, 18-ல் எடுத்த சுவர் சாக்கு மூட்டைபோல் உப்பியிருந்தது! முதலில் பகீரென்றது. பிறகு யோசித்தால், லென்ஸ் செய்பவர்கள் இந்த வேலையைத் தெரிந்தேதான் மென்பொருளுக்குத் தள்ளிவிடுகிறார்கள். அதனால்தான் இவை இவ்வளவு சின்னதாகவும் கைக்கு அடக்கமாகவும் இருக்கின்றன. இதை ஏமாற்று என்று சிலர் சொல்வது சரியாகப் படவில்லை. கணக்கில் தேய்மானத்தைக் கழித்துக் காட்டுவது மோசடியா என்ன? ஆனால் செலவு இல்லாமல் இல்லை. மூலையை இழுத்து நிமிர்த்தும்போது அங்கே உள்ள விவரம் நீர்த்துப்போகும். ஆகவே நிமிர்த்திய படத்தின் மூலையைப் பார்த்துத்தான் தீர்ப்புச் சொல்ல வேண்டும்.

அப்பர்ச்சர் விஷயத்திலும் ஒரு மூடநம்பிக்கை உலவுகிறது: மூட மூடத் தெளிவு கூடும் என்று. ஓரளவுக்குத்தான். 24 மெகாபிக்சல் ஏ.பி.எஸ்.-சி. சென்சாரில் ஒரு பிக்சல் சுமார் 4 மைக்ரான். எஃப் 8-ல் ஒரு ஒளிப்புள்ளி ஏறக்குறைய 11 மைக்ரான் வட்டமாக விரியும். எஃப் 16-ல் 21 மைக்ரானுக்கு மேல். இது ஒளியின் குணம், எந்தக் கம்பெனியாலும் மாற்ற முடியாது. அதனால் எஃப் 16-ல் எடுத்துவிட்டு லென்ஸ் மங்கல் என்பவர் தன் கையாலேயே மங்கலாக்கியவர். அவன் ஒவ்வொரு ஜூமிலும் முழுதாகத் திறந்தது, எஃப் 8, எஃப் 11 என்று மூன்றோடு நிறுத்திக்கொண்டான். தணிக்கைப் பாடத்தில் சொல்வதுபோல எல்லா வவுச்சரையும் பார்க்க முடியாது, எதை எடுத்துப் பார்ப்பது என்பதில்தான் இருக்கிறது சாமர்த்தியம்.

மூன்றாம் நாள் முடிவுகள் வந்தன. 50-ல் படம் பளிச். 135-ல் திறந்த நிலையில் எல்லாப் பக்கமும் கொஞ்சம் மங்கல், எஃப் 8-ல் தேறிவிட்டது. இவ்வளவு நீள ஜூமுக்கு அது இயல்புதான். ஆனால் 18-ல் இடது பக்கத்து வரி விளம்பரத்தில் போன் நம்பர்கூடப் படிக்க முடிந்தது. வலது பக்கத்தில் எழுத்துகள் எறும்பு ஊர்ந்ததுபோல் கிடந்தன. எஃப் 8-லும் முழுதாகத் தேறவில்லை. சுவர் சாய்வா, லென்ஸ் குற்றமா? முக்காலியின் நடுத்தண்டைத் தலைகீழாகச் செருகி, கேமராவைத் தொங்கவிட்டு மறுபடி எடுத்தான். இப்போது மங்கியது சுவரின் இடது பக்கத்துத் தாள். அதாவது மங்கல் சுவரோடு நிற்கவில்லை, லென்ஸோடு சுற்றுகிறது. உள்ளே ஒரு கண்ணாடி அச்சு விலகி உட்கார்ந்திருக்கிறது. முந்தைய உரிமையாளர் கையிலிருந்து எப்போதோ கீழே விழுந்திருக்க வேண்டும்.

விழாத புது லென்ஸிலும் இது நடக்கும். அமெரிக்காவில் லென்ஸ் வாடகைக்கு விடும் லென்ஸ்ரெண்டல்ஸ் நிறுவனத்தைத் தொடங்கிய ரோஜர் சிக்காலா, ஒரே மாடலில் பல லென்ஸ்களை எடுத்து இயந்திரத்தில் வைத்து அளந்து, ஒன்றுபோல் ஒன்று இருப்பதில்லை, ஜூம்களில் இந்த வேறுபாடு அதிகம் என்று பல ஆண்டுகளாகக் காட்டிவந்தார். கம்பெனிகள் வெளியிடும் எம்.டி.எஃப். வரைபடங்களில் பல, கணினியில் கணக்கிட்டவை. கையில் இருக்கும் லென்ஸின் ஜாதகம் அதில் இருக்காது. விமர்சனத்தில் நல்லது என்று போட்டிருக்கிறதே என்பதும் செல்லாது. அவர் கையில் இருந்தது வேறு லென்ஸ்.

நாலாம் நாள் அண்ணாச்சியிடம் மடிக்கணினியோடு போனான். அவர் ஃபிலிம் காலத்து ஆள். பெரிதாக்கிய படத்தை ஒரு நிமிடம் பார்த்துவிட்டு, "இதையா நாலு நாளா பாத்துட்டு இருக்க? எந்த வீட்ல ஆல்பத்த நூறு பெர்சென்ட்ல பாப்பாக? பிரிண்ட் போட்டுப் பாருலே" என்றார். திருநெல்வேலியில் 1912-ல் பிறந்த காட்டுயிர் எழுத்தாளர் மா. கிருஷ்ணன், பல உறுப்புகளைத் தானே ஒட்டுப்போட்டுச் சேர்த்த பாரமான கேமராவுக்கு 'சூப்பர் பாண்டரோசா' என்று வேடிக்கையாகப் பெயர் வைத்து, அதைத் தூக்கிக்கொண்டு காட்டில் அலைந்தவர். அவருடைய கறுப்பு வெள்ளை யானைகளைப் பார்க்கிற எவரும் மூலை தெளிவா என்று பூதக்கண்ணாடி வைப்பதில்லை. அண்ணாச்சி சொன்னதும் இந்த வகைதான். பாதி சரி.

மீதிப் பாதி பிரிண்டில் தெரிந்தது. கல்யாண ஆல்பத்தில் 12க்கு 36 அங்குலம்தான் வாடிக்கை. அதில் ஒரு பக்கம் 12க்கு 18. அங்குலத்துக்கு 300 புள்ளி என்றால் 5400க்கு 3600 பிக்சல் வேண்டும். 24 மெகாபிக்சல் படம் 6000க்கு 4000. அதாவது முழுப் பக்கப் படத்தில் ஏறக்குறைய ஒவ்வொரு பிக்சலும் தாளுக்கு வந்துவிடுகிறது! போனில் பார்க்கும்போது ஒளிந்துகொள்ளும் குறை இங்கே ஒளிய முடியாது. ஐந்தாம் நாள் ஒரு காதுகுத்து வீட்டில், 18-ல் எடுத்த குடும்பப் படத்தை அவன் 12க்கு 18 போட்டுக்கொண்டு வந்து மேசையில் விரித்தான்.

நடுவில் பிள்ளையும் தாய்மாமனும் பளிச்சென்று இருந்தார்கள். இடது ஓரத்தில் சித்தப்பா சட்டைப் பையில் இருந்த பேனாவின் கொக்கிகூடத் தெரிந்தது. வலது ஓரத்தில் ஒரு பாட்டி. கூப்பிட்ட பிறகும் வரமாட்டேன் என்று சொல்லி, கடைசியில் ஓரமாக வந்து நின்றவள். கண் இருக்கும் இடத்தில் நிழல்தான் இருந்தது.

கல்யாண வீட்டில் நடுவில் நிற்பவர்களுக்கு நூறு படம் இருக்கும். ஓரத்தில் நிற்பவர்களுக்கு அந்த ஒன்றுதான். பல வீடுகளில் பிறகொரு நாள் சுவரில் மாட்ட முகம் தேடும்போது, குரூப் போட்டோவின் ஓரத்திலிருந்துதான் வெட்டி எடுத்து என்லார்ஜ் பண்ணச் சொல்லி வருவார்கள். அண்ணாச்சிக்கு அது தெரியாததா? பிரிண்டை வெளிச்சத்தில் பிடித்து ரொம்ப நேரம் பார்த்தார்.

"24-ல வச்சு எஃப் 8-ல எடுத்தா சரியாகுமா?"

"பெரும்பாலும் சரியாயிரும் அண்ணாச்சி. ஆனா சின்ன ஹாலுன்னா பின்னால போக எடம் இருக்காது."

"அப்ப கொண்டு குடுத்துரு. ரெண்டு பிரிண்டையும் கையோட கொண்டு போ. கம்ப்யூட்டர்ல காட்டுனா நம்ப மாட்டான்."

ஏழாம் நாள் பஸ்ஸில் போனான். கடைக்காரர் முதலில், "இப்படி ஒரு கம்ப்ளெய்ன்ட் யாரும் சொன்னதில்லையே தம்பி" என்றார். சுவர்ப் படம் இரண்டையும், நேராக எடுத்தது ஒன்று, தலைகீழாக எடுத்தது ஒன்று, பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டியதும் பேச்சு நின்றது. அலமாரியில் அதே மாடலில் இன்னொன்று இருந்தது, வெளிப்புறம் கொஞ்சம் தேய்ந்து, 1,500 ரூபாய் கூடுதலாக. கடை ஷட்டருக்கு எதிரே நின்று 18-ல் நாலைந்து படம் எடுத்துப் பார்த்து, இரண்டு பக்கமும் ஒன்றுபோல் இருக்கிறது என்று உறுதி செய்துகொண்டு, அந்த 1,500-ஐ அண்ணாச்சியிடம் ஜிபே-யில் கடன் வாங்கிக் கட்டினான்.

அடுத்த நாள் ஆடித் தபசு. அந்திப் பொழுதில் கோமதி அம்மனுக்குச் சங்கரநாராயணர் காட்சி கொடுக்கும் வேளை, சம்சாரிகள் தங்கள் காட்டில் விளைந்த பருத்தியையும் வத்தலையும் கூட்டத்துக்கு மேலே சூறை விட்டார்கள். 135, எஃப் 5.6, ஐ.எஸ்.ஓ. 6400. படமெல்லாம் மணல் தூவியதுபோல் வந்திருக்கிறது. அந்த வெளிச்சத்தில் அந்த லென்ஸால் அவ்வளவுதான் முடியும். ஒன்றில் மட்டும் ஒரு பருத்திக் கொட்டை வலது ஓரத்தில் பறக்கிறது, பஞ்சு பிரிந்து நிற்பது தெரிகிறது. அதை அண்ணாச்சி ஸ்டூடியோ கண்ணாடிக் கதவில் ஒட்டி வைத்திருக்கிறார்.