முகமூடி யாருக்கு உரியது?

நோன்புப் பெருநாளுக்கு மறுநாள் இரவு. இஷாத் தொழுகை முடித்து வந்து திண்ணையில் சாய்ந்திருந்தோம். உள்ளே கூடத்தில் பெரும் வாக்குவாதம். பாகப் பிரிவினையோ, சம்பந்தப் பேச்சோ என்று அஞ்சி எட்டிப் பார்த்தால், அமெரிக்கக் கௌபாய் ஒருவரைப் பற்றிய வழக்கு அது! 2013இல் வெளிவந்த 'தி லோன் ரேஞ்சர்' என்னும் படத்தைப் பிள்ளைகள் அப்போதுதான் பார்த்து முடித்திருந்தனர். பழைய வீரனைக் கோமாளியாக்கிவிட்டார்கள் என்பது நம் தம்பி மகனின் கட்சி. அவர் ஐம்பதைக் கடந்தவர். இத்தனை காலம் வாய் மூடிக் கிடந்த செவ்விந்தியத் தோழன் இப்போதுதானே வாய் திறக்கிறான் என்பது நம் பேரனின் கட்சி. அவனுக்குப் பதினாறு வயது. "நீங்க சொல்லுங்க பெரியவாப்பா" என்றார் அவர். "அப்பா நம்ம பக்கம்தான்" என்றான் இவன். (நம் ஊரில் பாட்டனாரை அப்பா என்றே அழைப்பர்.) இருவர் மனமும் கோணாதபடி ஏதோ சொல்லித் தப்பித்தோம். அந்த விடை நமக்கே நிறைவளிக்கவில்லை. ஆகவே இதனை எழுதுகின்றோம்.

லோன் ரேஞ்சர் 1933இல் டெட்ராய்ட் நகரத்து வானொலியில் பிறந்தவன். ஆறு காவல் வீரர்கள் கொள்ளையரின் பதுங்குத் தாக்குதலில் சிக்கி ஐவர் மடிய, உயிர் தப்பிய ஒருவன் முகமூடி அணிந்து நீதி காக்கப் புறப்பட்டான் என்பது கதை. வெண்புரவி, வெள்ளித் தோட்டா, கொல்வதற்காகச் சுடுவதில்லை என்னும் உறுதி, இவையே அவன் அடையாளங்கள். அவனை உயிர் பிழைக்கச் செய்தவன் டோண்டோ என்னும் செவ்விந்தியத் தோழன். 1949 முதல் 1957 வரை தொலைக்காட்சியில் வந்த தொடரில் கிளேட்டன் மூர் என்பவர் வீரனாகவும், கனடாவில் பிறந்த மோஹாக் குலத்தவரான ஜே சில்வர்ஹீல்ஸ் தோழனாகவும் நடித்தனர். அந்நாட்டுச் சிறுவர் ஒரு தலைமுறையினர் இவர்களைக் கண்டே வளர்ந்தனர்.

தொடர் நின்ற பின்னரும் கிளேட்டன் மூர் முகமூடியைக் கழற்றவில்லை. சிறுவர் கூட்டங்களிலும் விழாக்களிலும் அதே கோலத்தில் தோன்றி நல்லொழுக்கம் பேசி வந்தார். இந்நிலையில் உரிமையாளர்கள் புதிய நடிகரை வைத்துப் புதிய படம் எடுக்க முற்பட்டனர். பழைய முகம் குறுக்கே நிற்கலாகாது என்று எண்ணினர் போலும். 1979இல் நீதிமன்றத்தை அணுகி, மூர் இனிப் பொதுமக்கள் முன் அம்முகமூடி அணியலாகாது எனத் தடை பெற்றனர். அறுபது வயதைத் தாண்டிய மனிதர் என்ன செய்தார்? கண்களைச் சுற்றி மறைக்கும் பெரிய கறுப்புக் கண்ணாடி ஒன்றை மாட்டிக்கொண்டு முன்போலவே புறப்பட்டார். ரசிகர்கள் கொதித்தெழுந்தனர். 1981இல் அப்புதிய படம் வெளிவந்து படுதோல்வி கண்டது. அதன் நாயகனுக்குக் குரல் கொடுத்தவரும் வேறொருவரே. முகமும் புதிது, குரலும் இரவல்! 1984இல் முகமூடி உரிமை மூருக்குத் திரும்பியது. 1999இல் அவர் மறையும் வரை அஃது அவரிடமே இருந்தது.

இதனைத் தம்பி மகனிடம் சொன்னபோது, "பார்த்தீங்களா! பழையவர்தான் ரேஞ்சர்" என்று துள்ளினார். அவர் துள்ளலில் நியாயம் உண்டு. சட்டப்படி ஒரு வீரனின் பெயரை விலைக்கு வாங்கிவிடலாம். ஆனால் அவனைக் கண்டு வளர்ந்தவர்களின் மனத்தை எந்தப் பத்திரத்தில் எழுதி வாங்குவது?

எனினும் புதுப்பித்து எடுப்பன யாவும் பழுது என்று நாம் சொல்லமாட்டோம். சார்லஸ் போர்ட்டிஸ் 1968இல் எழுதிய 'ட்ரூ கிரிட்' நாவல் இருமுறை படமாயிற்று. 1969இல் ஜான் வெய்ன் ஒற்றைக் கண் மார்ஷலாக நடித்து ஆஸ்கார் விருது பெற்றார். 2010இல் கோயன் சகோதரர்கள் ஜெஃப் பிரிட்ஜஸை வைத்து எடுத்தனர். வெய்ன் ரசிகர்கள் இன்றும் இரண்டாவதை ஏற்பதில்லை. ஆனால் தந்தையைக் கொன்றவனைத் தேடிப் புறப்படும் அப்பதினான்கு வயதுச் சிறுமி என்ன விலை கொடுத்தாள் என்பதை மறைக்காமல் காட்டியது இரண்டாவதுதான். நாவலில் உள்ளபடியே அவள் கையை இழக்கிறாள். ஆண்டுகள் பல கழித்து மார்ஷலைக் காண வரும்போது அவர் இறந்துவிட்டிருக்கிறார். முதற்படத்திலோ வெய்ன் குதிரையோடு வேலி தாண்டிக் கையசைத்து விடைபெறுகிறார். கொட்டகை மகிழ்ந்து எழுந்து போகிறது.

'3:10 டு யூமா' என்ற படத்தில் நம் தீர்ப்பு நேர்மாறானது. 1957இல் வந்ததில், கடனில் மூழ்கிய ஏழை விவசாயி கொள்ளைத் தலைவனை ரயிலேற்றிவிட்டு உயிரோடு மீள்கிறான். வறண்ட நிலத்தில் மழை பெய்கிறது. 2007இல் வந்ததில் அவன் ரயிலடியில் சுடப்பட்டு இறக்கிறான். இதுவே உண்மைக்கு நெருக்கம் என்று இளைஞர் வாதிடுவர். உண்மை அறியத் திரைக்கொட்டகைக்குப் போக வேண்டுமா? அந்த மழைக்காக நாம் பழைய படத்தின் பக்கமே நிற்கின்றோம். இது கிழவரின் பிடிவாதம் எனில் அப்படியே இருக்கட்டும்.

இவையெல்லாம் சுவை பற்றிய வழக்குகள். பேரன் எழுப்பிய வழக்கு வேறு வகையானது. அதுதான் நம்மை உறங்கவிடவில்லை.

சென்னையில் கல்லூரியில் பயின்ற நாளில் நாமும் கௌபாய்ப் படப் பித்தர்தாம். 'மெக்கன்னாஸ் கோல்ட்' சென்னையில் ஓடிய ஓட்டத்தை அக்காலத்தவர் மறக்கவியலாது. விடியற்காலைக் கதிரவன் எழ, கற்றூணின் நிழல் நீண்டு பொற்கணவாயின் வாயிலைச் சுட்டும் காட்சிக்காகவே மீண்டும் மீண்டும் போனோம். அதில் வில்லனாக வருபவர் எகிப்து நாட்டு உமர் ஷரீஃப் என்று அறிந்தபோது விடுதி அறைத் தோழர் நால்வரும் அடைந்த பெருமை சொல்லி மாளாது. வில்லனானாலும் நம்மவர் அன்றோ! அப்படம் கிடக்கட்டும்; அந்நாளில் பார்த்த வேறு பல படங்களில், மலைமுகட்டில் செவ்விந்தியர் வரிசையாகத் தோன்றுவர், ஊளையிட்டு இறங்குவர், குதிரைப் படையின் ஊதுகொம்பு கேட்கும், பிறகு ஒவ்வொருவராக மண்ணில் உருளுவர். நாம் கைதட்டினோம். உரக்கத் தட்டினோம். அவர்கள் யார், அந்த மண் யாருடையது என்று ஒருநாளேனும் எண்ணியதில்லை.

ஏறத்தாழ இருபத்தைந்து ஆண்டுகள் கழிந்தன. 1994இல் வெளிவந்த 'ட்ரூ லைஸ்' என்ற படத்திற்கு உறவினர் பிள்ளைகளை அழைத்துச் சென்றிருந்தோம். அதில் செவ்விந்தியர் இல்லை. அவர்கள் இருந்த இடத்தில் அரபிகள் இருந்தனர். அதே ஊளை, அதே மூடத்தனம், அதே உருளல். கொட்டகை அதிரக் கைதட்டியது. நம் அருகில் இருந்த பிள்ளைகளும் தட்டினர். பக்கத்து இருக்கைக்காரர், நம் தாடியையும் தொப்பியையும் கவனித்தாரோ என்னவோ, சட்டென்று தட்டுவதை நிறுத்திவிட்டுத் திரையைப் பார்த்தபடி இருந்தார். அவர் தட்டியதைக் காட்டிலும் நிறுத்தியதே நம்மைச் சுட்டது. அக்கணத்தில்தான் சென்னைக் கொட்டகைகளில் நாம் தட்டிய கைத்தட்டல் நம் காதிலேயே வந்து விழுந்தது.

ஜேக் ஷாஹீன் என்னும் அறிஞர் தொள்ளாயிரத்துக்கும் மேற்பட்ட ஹாலிவுட் படங்களை ஆராய்ந்து, அவற்றில் அரபியர் எவ்வாறு இழிவுபடுத்தப்பட்டனர் என 2001இல் நூலாக்கினார். அதைப் பின்னாளில் படித்தோம். படிக்கும்போதெல்லாம் செவ்விந்தியர் நினைவே வந்தது. ஜான் ஃபோர்டு தம் புகழ்பெற்ற படங்களை எடுத்த மான்யுமென்ட் பள்ளத்தாக்கு நவஹோ மக்களின் நிலம். அந்நவஹோக்களையே கூலிக்கு அமர்த்தி, அப்பாச்சி என்றும் கொமாஞ்சி என்றும் வேடமிட்டுத் தம் மண்ணிலேயே விழச் செய்தனர். டோண்டோ என்னும் பெயருக்கு ஸ்பானிய மொழியில் மூடன் என்று பொருள். ஸ்பானிய மொழிப் பதிப்பில் அப்பெயரை மாற்ற வேண்டியதாயிற்று.

ஆகவே பேரன் சொன்னது சரியா? பாதி சரி. 2013ஆம் ஆண்டுப் படத்தில் கதையைச் சொல்பவன் டோண்டோதான். முதிய வயதில், பொருட்காட்சிக் கூண்டில் காட்சிப் பொருளாக நின்றபடி சொல்கிறான். அவ்விடம் நம் நெஞ்சைத் தொட்டது. ஆனால் வாய் திறந்தவன் செவ்விந்தியனா? ஜானி டெப் முகத்தில் வெள்ளைச் சாந்து பூசி, தலையில் செத்த காக்கையைச் சுமந்து நடித்தார். 1949இல் மோஹாக் ஒருவருக்குக் கிடைத்த வேடம், அறுபத்து நான்கு ஆண்டுகள் கழித்து, நீதி செய்கிறோம் என்று கூறிக்கொண்டு எடுத்த படத்தில் அவர் இனத்தவர்க்குக் கிடைக்கவில்லை. இதைச் சொன்னதும் பேரன் சற்று நேரம் பேசவில்லை. "அப்போ டெக்ஸ்தான் பரவாயில்லை" என்றான் பிறகு.

அவன் சொன்னது சிவகாசியிலிருந்து லயன் காமிக்ஸ் தமிழில் தரும் டெக்ஸ் வில்லரை. இத்தாலியர் 1948இல் படைத்த வீரன் அவன். நவஹோ பெண்ணை மணந்து, 'இரவுக் கழுகு' என்ற பெயரோடு அம்மக்களின் தலைவனாகவும் இருப்பவன். அமெரிக்காவைப் பாராமலே அமெரிக்கக் கதை எழுதியோர் இவ்வளவு செய்தனர். அவனையும் 1985இல் இத்தாலியில் படமாக்கினர், ரசிகர்கள் ஏற்கவில்லை. தாளில் கண்ட முகத்தை மனிதன் எவன் ஈடு செய்வான்!

அன்றிரவு நாம் பிள்ளைகளுக்கு வேறொருவர் கதையைச் சொன்னோம். 1856இல் அமெரிக்க அரசு பாலைநிலப் பயணத்திற்கு உதவுமெனக் கருதி மத்தியதரைக் கடல் நாடுகளிலிருந்து ஒட்டகங்களைக் கப்பலேற்றி டெக்சாஸில் இறக்கியது. அவற்றோடு வந்த ஒட்டகக்காரருள் ஒருவர் ஹாஜி அலி. வாயில் நுழையாத அப்பெயரை 'ஹை ஜாலி' என்று ஆக்கிவிட்டனர் அங்குள்ளோர். மறுவருடம் பீல் என்னும் அதிகாரியின் தலைமையில் அரிசோனா வழியாகக் கலிபோர்னியா வரை ஒட்டகங்கள் நடந்தன. கோவேறு கழுதைகள் மிரண்டன. அவற்றை ஓட்டுவோர் ஒட்டகத்தை வெறுத்தனர். உள்நாட்டுப் போர் மூண்டதும் திட்டம் கைவிடப்பட்டது. ஹாஜி அலி அந்நிலத்திலேயே தங்கினார். பொதி சுமப்பிப்பவராக, படைக்கு வழிகாட்டியாக வாழ்ந்து 1902இல் மறைந்தார். அரிசோனாவின் குவார்ட்சைட் என்ற சிற்றூரில் அவர் கல்லறை மீது கூம்புக் கோபுரம் ஒன்று நிற்கிறது. உச்சியில் செம்பால் செய்த ஒட்டகம். முகமூடி வீரன் வானொலிக்காரரின் கற்பனை; இவரோ வாழ்ந்தவர். அமெரிக்கர் அந்த ஒட்டகங்களை வைத்து 1976இல் நகைச்சுவைப் படம் ஒன்று எடுத்தனர். ஹாஜியை நாயகனாக்கிய பெரும்படம் எதையும் நாம் கண்டதில்லை.

கல்லறையின் படத்தைப் பேரன் கைப்பேசியில் தேடி எடுத்து எல்லோருக்கும் காட்டினான். தம்பி மகன் கண்ணாடியை உயர்த்திக்கொண்டு நெடுநேரம் பார்த்தார்.

"இவரா யாரைப் போடலாம் பெரியவாப்பா?" என்றார்.

"உமர் ஷரீஃப் இருந்திருந்தால்..." என்று தொடங்கினோம்.

"அவரு 2015லேயே மவுத்தாயிட்டாரு அப்பா" என்றான் பேரன். "அதோட, இவரு சிரியாக்காரரு. சிரியாக்காரரைத்தான் போடணும்."

தம்பி மகன் மறுக்கவில்லை. உள்ளேயிருந்து தேநீர் வந்தது.