சூளகிரிச் செம்மண்ணும் பெண்மக்கள் பங்கும்

ஓசூரிலிருந்து கிருஷ்ணகிரிக்குப் பேருந்தில் செல்வோர், ஏறக்குறைய நடுவழியில், மூன்று முனைகளாக நிமிர்ந்து நிற்கும் பாறைமலை ஒன்றைக் காண்பர். சூலம் போன்ற அம்மலையே சூளகிரிக்குப் பெயர் தந்தது என்பர். அடிவாரத்தில் தமிழும் தெலுங்கும் கன்னடமும் தக்கனி உருதும் ஒரே கடைவாசலில் ஒலிக்கக் கேட்கலாம்.

செம்மண் பூமி இது. தென்பெண்ணை இவ்வட்டாரத்தின் வழியே ஓடினும், மேட்டு நிலங்களுக்கு அதன் நீர் எட்டுவதில்லை. மழையை நம்பிக் கேழ்வரகும் கொள்ளும் விதைத்தார்கள். கிணறு உள்ளவர் தோட்டம் வைத்தார்கள். அத்தகைய மானாவாரி நிலத்தை அந்நாளில் எவரும் பெருஞ்சொத்தாக மதிக்கவில்லை.

1792-இல் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையால் பாரமகால் திப்பு சுல்தானின் கையை விட்டுப் போயிற்று. ஓசூர்ப் பகுதியோ, 1799-இல் அவர் ஷஹீதான பின்னரே ஆங்கிலேயர் வசமாயிற்று. பாரமகாலில் அலெக்சாண்டர் ரீடும் தாமஸ் மன்றோவும் நிலத்தை அளந்து, உழுபவனிடமே நேராக வரி வாங்கும் முறையை உருவாக்கினர். ரயத்துவாரி எனப்படும் அம்முறை பின்னர் சென்னை மாகாணத்தின் பெரும்பகுதிக்குப் பரவிற்று. வரி கட்டுபவன் பெயரில் பட்டா. வீட்டின் மூத்த ஆண்மகன் பெயர் அதில் ஏறிற்று. உடன்பிறந்த பெண்களின் பெயர் ஏறவில்லை. அதன் விளைவை நாம் இன்றுவரை அனுபவிக்கிறோம்.

மார்க்கச் சட்டம் வேறு கணக்குச் சொல்கிறது. மனைவி, ஒரு மகன், இரு மகள்களை விட்டு ஒருவர் மௌத்தானார்; கடனும் வசிய்யத்தும் இல்லை; நிலம் நான்கு ஏக்கர் என்று கொள்வோம். மனைவிக்கு எட்டில் ஒன்று, அதாவது 50 சென்ட். எஞ்சிய மூன்றரை ஏக்கரில் மகனுக்கு 1 ஏக்கர் 75 சென்ட். மகள் ஒவ்வொருத்திக்கும் 87½ சென்ட். 1937-ஆம் ஆண்டு ஷரீஅத் சட்டம் விவசாய நிலத்தை விலக்கி வைத்திருந்தது உண்மையே. ஆனால் 1949-இல் சென்னை மாகாணம் சட்டத்தைத் திருத்தி அவ்விலக்கை நீக்கிவிட்டது. ஆகவே “வயலுக்கு ஷரீஅத் இல்லை” என்று இன்னும் சொல்லித் திரிபவர்கள் எழுபது ஆண்டுகளுக்கு மேல் பழைய சட்டத்தைப் பேசுகிறார்கள்!

கரடாகக் கிடந்தவரை பங்கைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை. நிலத்தின் முகம் மாறியது பிற்காலத்தில். 1980-இல் ஓசூரில் அசோக் லேலண்டு ஆலை இயங்கத் தொடங்கியது, டி.வி.எஸ். மொபெட்டும் அவ்வாண்டே வெளிவந்தது. 1987-இல் டைட்டன் கடிகாரங்கள் வந்தன. பின்னர் சென்னை - பெங்களூர் நெடுஞ்சாலை நான்கு வழியாக விரிந்தது. நிலத்தின் விலை விளைச்சலைக் கொண்டன்று, சாலைக்கு எத்தனை அடி என்பதைக் கொண்டு பேசப்படலாயிற்று.

ஆனாலும் சூளகிரிக்குப் பெயர் வாங்கித் தந்தது ஆலையன்று, கொத்தமல்லித் தழைதான். நாற்பது நாள் பயிர். வேரோடு பிடுங்கிக் கட்டுக் கட்டி, நீர் தெளித்துச் சந்தைக்குக் கொண்டுவருவர். இரவோடிரவாக வெளியூர்களுக்கு லாரி ஏறும். மறுநாள் வைத்திருந்து விற்க இயலாத சரக்காதலால், விலையை வாங்குபவனே சொல்கிறான். விலை சரிந்த நாளில் அறுவடைக் கூலிகூடத் தேறாமல் பயிரை உழுதுவிடுவதும் உண்டு. மனை வியாபாரி முன்பணத்தோடு வாசலில் நிற்பது அத்தகைய வாரத்தில்தான்.

எனக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தில் அப்படித்தான் பேச்சுத் தொடங்கிற்று. பட்டா அண்ணன் பெயரில். கலியாணத்தில் நகை போட்டதே பங்குக்கு ஈடு என்பது அவர் வாதம். சீர் வேறு, வாரிசுரிமை வேறு என்றார் ஜமாஅத்துப் பெரியவர் ஒருவர். தங்கைமார் இருவரும் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்திட மறுத்தனர். ஓராண்டு வரை பேச்சுவார்த்தை இல்லை. பெருநாளைக்குக் கூட ஒரே வீட்டில் அவர்கள் கூடவில்லை. முடிவில் நில அளவர் வந்து சங்கிலி பிடித்தார். மூத்தவள் தன் பங்கை விற்று மகனுக்குக் கடை வைத்துக் கொடுத்தாள். இளையவள் விற்கவில்லை. கிணற்றில் வாரம் இரண்டு நாள் முறை அவளுக்கு. நிலத்தைக் குத்தகைக்கு விட்டிருக்கிறாள், கொத்தமல்லிதான் போட்டிருக்கிறார்கள்.