மாண்டோவி நதியில் நங்கூரமிட்ட சூதாட்டம்

கோவாவின் தலைநகரான பணஜியில், மாண்டோவி நதிக்கரையில் மாலை வேளையில் உலாவுவது ஓர் ஆனந்தம். கரைமீது அடில்ஷா கட்டிய பழைய அரண்மனை. அதை அடுத்து, மனோவசியக் கலையில் பேர்பெற்ற அபே பாரியா பாதிரியாரின் சிலை. எதிர்க்கரையில் ரெய்ஸ் மாகோஸ் கோட்டை. இவற்றையெல்லாம் நிதானமாகப் பார்க்கலாம் என்றுதான் போனேன். ஆனால் கண் அங்கே நிற்கவில்லை. நதியின் நடுவே கல்யாணப் பந்தல் போல் விளக்குகள் ஜொலிக்க நின்ற கப்பல்கள் அதை இழுத்துக்கொண்டு போய்விட்டன.

"இவை எந்தத் துறைமுகத்துக்குப் போகின்றன?" என்று கேட்டேன்.

உடன் வந்த நண்பர், ஓய்வு பெற்ற கோவா உபாத்தியாயர், சிரித்தார். "கப்பல்கள் எங்கும் போவதில்லை, ஐயா. ஏறுகிறவர்களின் பணந்தான் பிரயாணம் செய்கிறது!"

காஸினோ என்னும் சூதாட்ட மாளிகைகள் அவை. பந்தயமும் சூதாட்டமும் அந்தந்த ராஜ்யத்தின் அதிகாரத்துக்கு உட்பட்டவை என்பது நம் அரசியல் சட்டம். கோவாவில் 1976-ல் ஏற்பட்ட சட்டம் சூதாட்டத்தைக் குற்றம் என்றே சொல்லுகிறது. பிறகு கதவு சிறிது சிறிதாகத் திறந்தது. 1992-ல் செய்த திருத்தம் பஞ்ச நட்சத்திர ஹோட்டல்களில் இயந்திரச் சூதாட்டத்துக்கு இடம் கொடுத்தது. 1996-ல், மேஜையைச் சுற்றி அமர்ந்து சீட்டும் சக்கரமும் ஆடுவதற்கு, கரைக்கு அப்பாலுள்ள கப்பல்களில் மட்டும் அனுமதி கிடைத்தது. கரைக்கு அப்பால் என்றதும் நான் ஆழ்கடலைக் கற்பனை செய்திருந்தேன். நேரில் பார்த்தால், கரையில் நின்று கூப்பிட்டால் கேட்கும் போலிருக்கிறது!

ஆக, கரையில் ஒரு வீட்டுத் திண்ணையில் நாலு பேர் காசு வைத்துச் சீட்டாடினால் போலீஸ் வரும். ஜாத்திரைக் காலங்களில் கோயில் வெளியில் கடை விரிக்கும் சூதாட்டமும், சந்துகளில் எழுதும் மட்காவும் சட்ட விரோதமே. அதே சீட்டுக்கட்டைப் படகில் ஏற்றி நதியின் நடுவே கொண்டுபோய்விட்டால், சர்க்கார் ஆண்டுதோறும் கோடிக்கணக்கில் லைசென்ஸ் கட்டணம் வாங்கிக்கொண்டு வழி விடுகிறது. தருமபுத்திரர் ஹஸ்தினாபுரத்தில் ஆடாமல் கங்கையில் ஓடம் ஏறி ஆடியிருந்தால் திரௌபதி தப்பியிருப்பாளோ என்று தோன்றியது. நண்பரிடம் சொல்ல வாயெடுத்தேன். அவர் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டேன்.

அவருடைய தமையனார் நகரில் துணிக்கடை வைத்திருந்தவர். முதலில் வேடிக்கை பார்க்கப் போனார். அப்புறம் விட்டதைப் பிடிக்கப் போனார். கடை போயிற்று. மன்னியின் வளையல்களும் போயின. இத்தகைய குடும்பங்களின் குறைகளையும் நகரவாசிகளின் கிளர்ச்சிகளையும் கேட்டுக் கேட்டு, 2020 பிப்ரவரி முதல் தேதியிலிருந்து கோவாவாசிகள் காஸினோவில் ஆடப் போகலாகாது என்று சர்க்கார் தடை விதித்தது. இருபத்தொரு வயது நிரம்பிய வெளியூர்ப் பிரயாணிகளுக்கே இப்போது அங்கே வரவேற்பு. சொந்த ஜனங்களுக்கு ஆகாதென்று தடுத்த பண்டத்தை விருந்தினருக்குப் பரிமாறுவது என்ன உபசாரமோ, எனக்கு விளங்கவில்லை.

கப்பல்களை நதியிலிருந்தே அகற்றுவோம் என்று தேர்தல் மேடைகளில் பேசாத கட்சி அபூர்வம். பதவிக்கு வந்த பின்போ, ஆறு மாதம், இன்னும் ஆறு மாதம் என்று தவணை நீட்டிக்கொண்டே போனார்கள்.

"அடியோடு மூடிவிட்டால் உங்களுக்குத் திருப்திதானே?" என்று கேட்டேன்.

நண்பர் உடனே பதில் சொல்லவில்லை. வெள்ளைச் சட்டையும் கறுப்புக் கழுத்துப் பட்டியும் அணிந்த இளைஞர்கள் சிலர் படகுத் துறையை நோக்கி விரைந்துகொண்டிருந்தார்கள். அவர்களில் ஒருவன் எங்களைக் கண்டதும் நின்று, "சாப்பிட்டீர்களா, சித்தப்பா?" என்று கேட்டுவிட்டு ஓடினான்.

"அண்ணாவின் பிள்ளை" என்றார் நண்பர். "அந்தக் கப்பலில்தான் சீட்டுப் போடுகிற உத்தியோகம். அவன் சம்பளத்தில்தான் அண்ணா வீட்டில் அடுப்பு எரிகிறது. ஆடுவதற்குத்தான் எங்களுக்குத் தடை; ஊழியம் செய்யத் தடையில்லை."

மேலே கேட்க எனக்கு மனம் வரவில்லை. பெட்டிம் கரைக்குப் போகும் படகு வந்தது, ஏறிக்கொண்டோம். நடந்து ஏறுகிறவர்களிடம் அதில் கட்டணம் கேட்பதில்லை. காய்கறிக் கூடைகளோடும் பள்ளிக்கூடப் பைகளோடும் ஜனங்கள் நெருக்கியடித்து நின்றார்கள். ஜொலிக்கும் கப்பல்களைப் படகு கடந்தபோது நான் ஒருவன்தான் திரும்பிப் பார்த்தேன்.