டகரமும் தகரமும்

கலைப்பீட மாணவன் கணினியின் கட்டளைத் திரையோடு உறவாட நேர்வது அரிது. ஆயினும் குறிப்புகளை ஆண்டுக்கணக்கிற் சேர்த்து வைப்பவனுக்கு அவ்வுறவு ஒரு கட்டத்தில் வாய்த்தே விடுகிறது. சங்க இலக்கியத்தைச் சிறப்புப் பாடமாகப் பயின்ற ஒருவனுக்கும் அவ்வாறே வாய்த்தது.

அவன் கையாண்டது 'இசட் ஷெல்' என்னும் கட்டளைச் செயலி. 1990 இல் பிறின்ஸ்ரன் பல்கலைக்கழகத்தில் மாணவராயிருந்த போல் பால்ஸ்ரட் ஆக்கியது. கோப்புப் பெயரின் முதற் சில எழுத்துகளைத் தட்டி 'ரப்' விசையை அழுத்தினால் எஞ்சியவற்றை அதுவே நிரப்பும். எழுத்துக்கு எழுத்துப் பொருந்தினாலன்றி நிரப்பாமை அதன் இயல்பு. எனினும் எவ்வெழுத்தை எவ்வெழுத்துக்கு நிகராகக் கொள்ளலாம் என்பதைப் பயில்பவனே விதித்துக்கொள்ள அஃது இடமளிக்கிறது. சிற்றெழுத்தைத் தட்டிப் பேரெழுத்தைப் பெறலாம். அடிக்கோட்டைப் பொருட்படுத்தாது விடலாம். புள்ளிகளாற் பிரிக்கப்பட்ட நெடும் பெயரை ஒவ்வொரு பகுதியின் முதலெழுத்தாலும் இடைப்புள்ளிகளாலும் அழைக்கலாம். விதிகளை நிரைப்படுத்தி வைத்தால், முன்னது பயன்தராதவிடத்து மட்டுமே பின்னது முயலப்படும்.

அம்மாணவனின் இடர் தமிழுக்கே உரியது. இலங்கைத் தமிழர் ஊர்ப் பெயர்களை ஆங்கில எழுத்தில் எழுதுகையில் டகரத்துக்கு 'டி' என்ற எழுத்தை இடுவர். வட்டுக்கோட்டையில் இரட்டை 'டி' இருமுறை வருவது அதனாலேயே. சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதி தகரத்துக்கு 'ரி' என்ற எழுத்தையும், டகரத்துக்கு அதன் கீழே புள்ளியிட்டதையும் வைத்தது. விசைப்பலகையில் அப்புள்ளி உதிர்ந்து போகிறது. அவன் தானே பெயரிட்ட கோப்புகள் முதல் முறையிலும், தமிழ்நாட்டு நண்பர் அனுப்பியவை புள்ளியுதிர்ந்த இரண்டாம் முறையிலும் இருந்தன. ஆகவே, இரட்டை 'டி' தட்டப்படின் இரட்டை 'ரி'யையும் ஏற்கலாம் என்றொரு விதியை எழுதினான். (இது ஒருவழிப் பாதை, மறுதலை வேண்டின் இன்னொரு விதி எழுதல் வேண்டும்.) முதல் விதி நேர்ப்பொருத்தம், இரண்டாவது இத்தளர்வு. சில வாரங்கள் அவனுக்கு அதிற் பெருமிதமே இருந்தது.

ஓரிரவு பட்டினப்பாலை பற்றிய பழைய வரைவை நீக்க எண்ணினான். அழித்தற் கட்டளையை அடுத்து, இரட்டை 'டி' வரையான முதல் நான்கு எழுத்துகளைத் தட்டி விசையை அழுத்தினான். அவ்வரைவை முதல்நாளே வேறிடத்துக்கு மாற்றியிருந்ததை மறந்துவிட்டான். நேர்ப்பொருத்தம் கிட்டவில்லை, தளர்ந்த விதி முன்வந்தது. அவ்விடத்தில் அதற்குப் பொருந்தியது ஒரே ஒரு கோப்பு. நண்பர் அனுப்பிய வடிவில், தான் ஈராண்டு குறிப்பெழுதிச் சேர்த்த பத்துப்பாட்டு! பத்து என்பதன் தகரங்கள் அங்கே இரட்டை 'ரி'யாக நின்றன. திரையில் 'டி'கள் 'ரி'களாக மாறின. அவன் விசைப்பலகையையே நோக்கியிருந்தான். அடுத்து நுழைவு விசையை அழுத்தினான். அக்கட்டளை குப்பைத் தொட்டியில் எதையும் இட்டு வைப்பதில்லை.

கருவியைக் குறை கூறுவதற்கில்லை. புள்ளி உதிர்ந்த அன்றே பட்டும் பத்தும் ஒன்றாகிவிட்டன. விதி அதனை அறிந்திருக்க வழியில்லை. விதியை எழுதியவன் அறிந்திருக்கலாம். பட்டினப்பாலையின் ஒரு வரைவை நீக்க முயன்றவன் அதனை உள்ளடக்கிய தொகையின் குறிப்பையே இழந்தான்.

கையெழுத்துக் குறிப்பேடுகள் எஞ்சியிருந்தமையாற் பாதியளவு மீண்டது. விதியை அவன் நீக்கவில்லை. அழிக்குமுன் ஒவ்வொரு முறையும் வினவும்படி அழித்தற் கட்டளையை மாற்றினான். தகரம் வரும் பெயர்களிலெல்லாம் 'ரி'யை அடுத்து 'எச்' சேர்த்தான். பத்துப்பாட்டின் பெயர் இப்போது அருவருக்கத்தக்க நீளமுடையது. நண்பர் அனுப்பும் கோப்புகள் இன்னமும் பழைய முறையிலேயே வருகின்றன.